எலும்பாகுமா, கொழுப்பாகுமா?

ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால், குற்றாலத்து ஐந்தருவியின் எதிரே நிற்கும் ஜனங்கள் ஐந்து நீர்த்தாரைகளைக் கண்டு களிக்கிறார்களேயன்றி, அவை மலைமேல் ஒரே ஓடையாகப் புறப்பட்டுப் பாறை விளிம்பில் வந்து கூறுபட்டவை என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. மேலே ஒரு கல் சற்றே இடம் பெயருமானால் ஒரு தாரை பெருக, மற்றொன்று மெலியும்.

நம் சரீரத்தின் எலும்பு மஜ்ஜையிலும் இத்தகைய பிரிவு ஒன்று ஓயாது நிகழ்கிறது. ஸ்டெம் செல் என்று மருத்துவர்கள் வழங்கும் குருத்தணுக்களில் ஒரு வகை, இன்னதாவோம் என்று நிச்சயிக்காமல் அங்கே காத்திருந்து, எலும்பைக் கட்டும் அணுவாகவோ கொழுப்பைச் சேமிக்கும் அணுவாகவோ உருவெடுக்கிறது. இரண்டிலும் உள்ள மரபணுக்கள் ஒன்றே. எது விழிக்கிறது, எது உறங்குகிறது என்பதில்தான் பேதம். ரன்க்ஸ்-2 என்ற மரபணு விழித்தால் எலும்பின் வழி. பீபார்-காமா என்பது விழித்தால் கொழுப்பின் வழி. பின்னதன் பிரபாவத்தை 1994இல் ஸ்பீகல்மேன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் நிரூபித்தார்கள்: சாதாரண இணைப்புத் திசு அணுக்களில் அதைப் புகுத்தித் தூண்டியபோது, அவை கொழுப்பணுக்களாகவே மாறிவிட்டன.

நீரிழிவுக்குத் தரும் பயோகிளிட்டசோன் மாத்திரை, இந்தப் பீபார்-காமா மரபணுவால் உண்டாகி அணுவின் உட்கருவில் இருக்கும் ஏற்பியையே பற்றிப் பல மரபணுக்களை ஒருங்கே எழுப்புகிறது. அதனால் புதிய சிறு கொழுப்பணுக்கள் தோன்றி, ரத்தத்தில் திரியும் கொழுப்பைத் தம்முள் வாங்கிக்கொள்ள, தசையும் கல்லீரலும் பாரம் நீங்கி இன்சுலினுக்கு மீண்டும் செவிசாய்க்கின்றன. ஆனால் அதே கட்டளை மஜ்ஜைக்கும் எட்டுகிறது. அங்குள்ள குருத்தணு கொழுப்பின் பக்கம் திரும்ப, எலும்பின் பக்கம் வறள்கிறது. இதன் சகோதர மருந்தாகிய ரோசிகிளிட்டசோனை உட்கொண்ட பெண்களுக்குக் கை, கால் எலும்பு முறிவுகள் மிகுந்திருந்ததை 2006இல் வெளியான பெரியதொரு பரிசோதனை காட்டியது. மறு ஆண்டே பயோகிளிட்டசோனுக்கும் அத்தகைய எச்சரிக்கை பிறந்தது.

நம் நாட்டில் இம்மருந்தின் சரித்திரம் வேறொரு காரணத்தால் பரபரப்படைந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய ஐயத்தால் 2013 ஜூனில் மத்திய அரசு இதன் விற்பனையை நிறுத்தியது; விலை குறைந்து பலருக்கும் பயன்படும் மருந்தாயிற்றே என்று மருத்துவர்கள் வாதிட, ஜூலை முடிவதற்குள் எச்சரிக்கை வாசகத்துடன் அதை மீண்டும் அனுமதித்தது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென மதிப்பிட்டது. இத்தனை பேருள்ள தேசத்தில் மலிவான மருந்து ஒன்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆதலால் நன்மை ஒரு வாசலிலும் தீமை வேறொரு வாசலிலும் வருவதாக இங்கே பிரித்துரைக்க வழியில்லை. சர்க்கரையைத் தணிக்கும் அதே செயல்தான் எலும்பையும் மெலிவிக்கிறது. மாதவிடாய் நின்றவரும், முன்பு எலும்பு முறிந்தவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாமல் அந்த விவரத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; எந்தத் தாரை ஏற்கெனவே மெலிந்திருக்கிறது என்று தெரிந்தாலன்றிக் கல்லை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதை அவர் எவ்வாறு தீர்மானிப்பார்?