அட்டையைப் படித்துப் பொதி கட்டும் கணினி

சம்பா பருவத்தில் ஒரத்தநாட்டு உழவர் சான்று பெற்ற விதைநெல் வாங்கும்போது, மூட்டையில் தைத்திருக்கும் நீல நிற அட்டையைப் பார்த்திருப்பார். பயிர், ரகம், குவியல் எண், காலக்கெடு ஆகியவை அதில் இருக்கும். கணினி மென்பொருளுக்கும் இத்தகைய அட்டை உண்டு. அதை மனிதருக்குப் பதிலாகக் கணினியே படித்தால் என்ன நடக்கும் என்பதைக் காண்போம்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் 'பாஸ்' என்னும் இயக்க அமைப்பும் இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய இது, 1993-இல் தொடங்கிய 'டெபியன்' அமைப்பை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பட்டுள்ளன. பொதி என்பது நிரல் மட்டுமன்று. அந்த நிரல் இயங்க வேறு எந்தப் பொதிகள் தேவை என்ற குறிப்பும் அதில் உண்டு. ஒன்றைக் கேட்டால் தேவையான மற்றவையும் சேர்ந்து வருவது இதனால்தான்.

இப்பொதிகளைக் கட்டுவது யார்? பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஆனால், பெர்ல் என்ற ஒரு மொழிக்கு மட்டுமே 'சிபான்' களஞ்சியத்தில் பல்லாயிரம் நிரல் நூலகங்கள் உள்ளன. பலரும் எடுத்தாளத்தக்க ஆயத்த நிரல்களே நிரல் நூலகங்கள். இவை அனைத்தையும் கையால் பொதியாக்குவது இயலாத காரியம்.

இங்குதான் அட்டை உதவுகிறது. நூலகத்தின் பெயர், பதிப்பு எண், ஆசிரியர், உரிமம், தேவைப்படும் பிற நூலகங்கள் ஆகியவற்றை அதன் ஆசிரியர் ஒரு கோப்பில் எழுதி வைப்பார். 'டிஎச்-மேக்-பெர்ல்' என்னும் கருவி அதைப் படித்து, டெபியன் கேட்கும் கோப்புகளைத் தானே எழுதிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நூலகத்தின் பெயரும் பொதியின் பெயரும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 'எல்டபிள்யூபி யூசர்ஏஜென்ட்' தேவை என்று அட்டையில் இருக்கலாம். அது இருப்பதோ 'லிப்-டபிள்யூடபிள்யூடபிள்யூ-பெர்ல்' என்ற பொதியில். பெயரைக் கொண்டு ஊகித்தால் தவறு நேரும். ஆகவே, எந்தக் கோப்பு எந்தப் பொதியில் உள்ளது என்று டெபியன் வெளியிடும் பெரும் பட்டியலில் கருவி தேடுகிறது.

அட்டையில் எழுதப்படாததைக் கருவி அறியாது. 'எக்ஸ்எம்எல் பார்சர்' என்னும் பெர்ல் நூலகத்தை உருவாக்க, சி மொழியில் அமைந்த 'எக்ஸ்பாட்' நூலகமும் வேண்டும். பெர்ல் நூலகங்களை மட்டும் குறிக்கும் தேவைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. பொதி கட்டுபவரின் கணினியில் எக்ஸ்பாட் முன்பே இருந்தால், இந்தக் குறை அவர் கண்ணில் படாது. அதே பொதியை வேறொரு கணினியில் உருவாக்க முயலும்போது வேலை பாதியில் நின்றுவிடும். ஆகவே, அடிப்படைப் பொதிகள் மட்டுமே உள்ள வெறுஞ்சூழலில் உருவாக்கிப் பார்ப்பது அவசியமாகிறது. விடுபட்ட தேவை அங்கே உடனே வெளிப்படும். மனிதர் அதைச் சேர்க்க வேண்டும்.

உரிமமும் அப்படியே. அட்டையில் ஓர் உரிமம் இருக்க, உள்ளேயுள்ள ஒரு கோப்பு வேறு உரிமத்தின்கீழ் வந்திருக்கலாம். கோப்புகளைத் திறந்து படித்தாலன்றி இது தெரியாது.

எழுத்து வேலையைக் கருவி சில நொடிகளில் முடித்துத் தருகிறது. சரிபார்க்கும் பொறுப்பு மனிதரிடமே இருக்கிறது. விதை மூட்டையின் அட்டை ரகத்தைச் சொல்லும். நம் வயலில் தண்ணீர் வடியுமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.