வயல் யூரியாவை வண்டிக்கு ஊற்றலாமா?

சில புதிய டீசல் வண்டிகளில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சிறு டேங்க் ஒன்று இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியாக் கரைசல். மூட்டை யூரியா வீட்டிலேயே இருக்கும்போது அதைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்று விவசாயிகளுக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் ஊற்றக் கூடாது. காரணம், புகைக்குழாயில் உள்ள சியோலைட்.

2020 ஏப்ரல் முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 லாரிகளில் இந்த ஏற்பாடு பரவலாக உண்டு. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புகைக் கட்டுப்பாடு கடுமையாயிற்று. எனினும் அவை எல்லாவற்றிலும் இந்த டேங்க் இராது.

சியோலைட் என்பது சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த, தேன்கூடு போல் நுண்துளைகள் கொண்ட பொருள். சூடான புகையில் பீய்ச்சப்படும் யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. சியோலைட்டின் துளைகளில் அமர்ந்துள்ள தாமிர அயனிகள், இந்த அம்மோனியாவையும் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் வினைபுரியச் செய்து, வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகின்றன. தாமிரம் செலவாவதில்லை.

இவ்வேலைக்குப் பேர்பெற்றது எஸ்.எஸ்.இசட்-13 என்ற செயற்கை சியோலைட். செவ்ரான் நிறுவனத்தின் ஸ்டேசி ஜோன்ஸ் இதற்கு 1985-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஒரு மில்லிமீட்டரை 25 லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் இதன் துளை வாய். துளை சிறியதாக இருப்பதால் சூட்டையும் நீராவியையும் நன்கு தாங்குகிறது.

இதில் தாமிரம் ஏற்றும் வழக்கமான முறை நாற்று விட்டு நடுவது போன்றது. முதலில் ஒரு கரிம அச்சைச் சுற்றிச் சியோலைட்டை வளர்த்து, அச்சை எரித்து நீக்கி, பிறகு தாமிரக் கரைசலில் ஊறவைத்து, கழுவி, மறுபடி சுடவேண்டும். 2011-ல் சீன விஞ்ஞானிகள் நேரடி விதைப்புக்கு ஒப்பான முறையை வெளியிட்டார்கள். தாமிரமும் ஓர் அமீனும் சேர்ந்த கூட்டுப்பொருளையே அச்சாக வைத்தார்கள். சியோலைட் வளரும்போதே தாமிரம் உள்ளே அமர்ந்துவிடும். நேரடி விதைப்பில் பயிர் நெருங்கி முளைப்பது போல் இதிலும் தாமிரம் மிகுந்துவிடுவது உண்டு. மிகுதியான தாமிரம் சூட்டில் சியோலைட்டின் கட்டமைப்பைக் கெடுக்கும். ஆகவே பயிர் கலைப்பது போல, நீர்த்த அமிலம் முதலியவற்றால் உபரியை நீக்குகிறார்கள்.

இவ்வளவு பக்குவமாகச் செய்த பொருளுக்கு வயல் யூரியா ஒவ்வாது. 2015 முதல் உள்நாட்டு வயல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே தயாராகிறது. மண்ணுக்கு அது நல்லது, பீய்ச்சுகுழலுக்கு அடைப்பு. வண்டிக் கரைசலில் பையூரெட் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; உர யூரியாவில் 1.5 சதவீதம் வரை அனுமதி உண்டு. குழாய்த் தண்ணீரின் சோடியம் தாமிரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து படிந்து துளைகளை மூடும். கரைசலின் செறிவைக் கருவியில் அளந்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அக்கருவி செறிவைக் காட்டுமே தவிர அழுக்கைக் காட்டாது. மேலும், மானிய யூரியாவை உரமாக அன்றி வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம்.

கடையில் வாங்கிய கரைசலைப் பிளாஸ்டிக் கேனிலேயே மூடி, நிழலில் வைக்கவேண்டும். தாமிர, இரும்பு, துத்தநாகம் பூசிய பாத்திரங்கள் ஆகா. தவறான கரைசலை ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் டேங்கை முழுவதும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் அலசிய பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும்.