காற்றோட்டமும் வலுவும்: உருளைத்தலையை மதிப்பிடும் அளவுகோல் பற்றி

பெற்றோல் எஞ்சினொன்றின் உருளைத்தலை சிறந்ததா என்பதை எவ்வாறு துணிவது? அதனைக் காற்றோட்ட மேடையிற் பொருத்தி, வால்வைக் குறித்த அளவு திறந்து, பெரும்பாலும் 28 அங்குல நீர்நிரலுக்குச் சமமான அமுக்க வேறுபாட்டிற் காற்றை இழுத்து, நிமிடத்திற் செல்லும் கனவளவை அளப்பது வழக்கம். அவ்வெண் கூடிய தலையே கூடிய வலுவைத் தரும் என்ற முடிவு இதனின்றும் எளிதிற் பிறக்கின்றது. இம்முடிவு எத்துணை பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு அடிப்படை நியாயம் உண்டு. உருளையினுட் புகும் காற்றின் திணிவே எரிக்கத்தக்க எரிபொருளின் அளவை வரையறுக்கின்றது. ஆயின் மேடையிற் காற்று இடையறாது, மாறா அமுக்க வேறுபாட்டில் ஓடுகின்றது. எஞ்சினிலோ நிமிடத்துக்கு 6000 சுற்றில் உள்ளெடுப்பு அடிப்பொன்று 5 மில்லிசெக்கனில் முடிந்துவிடுகின்றது. முசலம் கீழெல்லையை அடைந்த பின்னரும் வால்வு சிறிது நேரம் திறந்திருக்கும். அப்பொழுது காற்றை உட்செலுத்துவது பெரிதும் அதன் சடத்துவமே. காற்று வழியை அகட்டினால் மேடையெண் உயரலாம். ஆனால் தாழ் சுற்றுகளிற் காற்றின் வேகம் குறையும். இயக்கச்சத்தி வேகத்தின் வர்க்கத்தோடு மாறுவதால் உருளை நிரம்புதலும் குன்றும். காபரேற்றர் எஞ்சினில் எரிபொருட்டுளிகள் பிரிந்து சுவரிற் படிதலும் உண்டு.

ஐக்கிய அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டு ட்றான்ஸ்-ஆம் காரோட்டப் போட்டி இதற்கோர் எடுத்துக்காட்டு. போர்ட் நிறுவனம் தனது 302 கன அங்குல எஞ்சினுக்கு மிகப் பெரிய, நேரிய காற்று வழிகளைக் கொண்ட தலையை அமைத்தது; தள்ளுகோல்கள் அவ்வழிகளின் ஊடாகக் குழாய்களுக்குள் சென்றன. அவ்வெஞ்சின் மிக உயர்ந்த சுற்றுகளிலேயே வலுவை வழங்கிற்று. அத்துடன் எஞ்சின்கள் அடிக்கடி பழுதுற்றன. அவ்வாண்டுச் சாம்பியன் பட்டம் செவ்ரொலே கமாரோவுக்குச் சென்றது. பழுதுகளுக்கு எண்ணெயூட்டற் குறைபாடு முதலிய காரணங்களும் இருந்தமையால் தோல்வி முழுவதையும் தலையின் மீது சுமத்துதல் நேர்மையாகாது. ஆயினும், அடுத்து வந்த பொஸ் 302 எஞ்சினில் 1969 இல் 2.23 அங்குலமாயிருந்த உள்ளெடுப்பு வால்வின் விட்டத்தை 1970 இல் 2.19 ஆகக் குறைத்தமை நோக்கற்பாலது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. பக்கவால்வு எஞ்சின்களிற் காற்று வளைந்து திரும்பியே உட்புகவேண்டும். முதலாம் உலகப் போரை அடுத்து, ஆங்கிலப் பொறியியலாளர் ஹரி றிக்காடோ இக்குறையை விட்டுவிட்டுத் தகன அறையையே திருத்தினார். முசலம் தலையின் ஒரு பகுதியை நெருங்குகையிற் கலவை பிதுக்கப்பட்டுக் கொந்தளித்தது; சுவாலை செல்லும் தூரமும் குறுகியது. தகனம் விரைவுற்றது, இடிப்புத் தணிந்ததால் நெருக்கல் விகிதத்தை உயர்த்தவும் முடிந்தது. இந்த நலன்களுள் ஒன்றேனும் காற்றோட்ட மேடையிற் புலப்படாது.

ஆகவே இரு தலைகளை ஒப்பிடுவோர் ஒரே எஞ்சினில், ஒரே காம் தண்டுடனும் ஒரே நெருக்கல் விகிதத்துடனும் அவற்றை வலுமானியிற் சோதித்தல் வேண்டும். உச்ச வலுவை மட்டுமன்றி, எஞ்சின் உண்மையில் இயங்கும் சுற்றுவீச்சு முழுவதிலும் முறுக்கத்தை அளத்தல் வேண்டும். உச்ச முறுக்கத்துக்கு வேண்டிய எரிபற்றல் முற்படுத்தம் எத்தலையிற் குறைகின்றதோ, அதிலே தகனம் விரைவாக நிகழ்கின்றது எனப் பொதுவாகக் கொள்ளலாம்.

மேடையெண் பொய்யன்று, வழியில் எங்கே தடையுளது என்பதை அது செம்மையாகக் காட்டும். ஆனால் எஞ்சின் என்ன வலுவைத் தரும் என்ற வினாவுக்கு அது விடையாகாது. இவ்வேறுபாட்டை மறந்து வழியை அகட்டுபவர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று: அராவி நீக்கிய உலோகத்தை மீள வைத்தல் எளிதன்று.