எகிப்திய மம்மி
தெலங்கானா மாநில அருங்காட்சியகம், ஹைதராபாத்

நைல் நதி தீரத்தில் 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே உயிர்நீத்து, நேட்ரான் என்னும் உப்பில் ஈரம் போக உலர்த்தப்பெற்று, லினன் துணியால் சுற்றப்பெற்ற ஒரு பெண்ணின் சரீரம் இது. நஸீர் நவாஸ் ஜங் விலைக்கு வாங்கி ஏழாம் நிஜாமுக்கு அளிக்க, அவர் 1930-இல் இங்கு வழங்கினார்.

மரித்தோரின் இருதயத்தைப் பாதாள லோகத்தில் ஒஸைரிஸ் தேவனின் சந்நிதியில் ஓர் இறகுக்கு எதிரே துலாக்கோலில் நிறுப்பர் என்று எகிப்தியர் நம்பினமையால், மற்ற உள்ளுறுப்புகளை அகற்றியபோதும் இருதயத்தைப் பெரும்பாலும் உடலிலேயே விட்டுவைத்தனர். அலெக்ஸாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட கிரேக்க மன்னர்களோ, அத்தேவனுக்குத் தங்கள் பாதாளாதிபதி ஹேடீஸின் சாயலை ஏற்றி, மூன்று தலை நாய் அருகே காவலிருக்க, ஸெராபிஸ் என்ற தெய்வமாகப் பிரதிஷ்டை செய்தனர்; நம் யமதர்மனுக்கும், தலா நான்கு கண்களுடைய இரண்டு காவல் நாய்கள் உண்டு.