சுவருக்கு வெளியே ஒரு நெருப்பு

தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை கன்னடக்காரர்களுக்கு ‘நீரு தும்புவ ஹப்ப’, அதாவது தண்ணீர் நிரப்பும் பண்டிகை. புளி போட்டுத் தேய்த்த செப்புப் பாத்திரத்தின் கழுத்தில் சுண்ணாம்பும் குங்குமமும் பூவும் ஏறும். வாய்வரை நீர் நிரப்பி மூடி வைப்பார்கள். மறுநாள் விடியலுக்கு முன் அதன் அடியில் விறகு எரியும். பெங்களூர் காக்ஸ் டவுனின் தமிழ்க் குடும்பங்களுக்கு அதே விடியல் கங்கா ஸ்நானம். அவர்கள் ஹண்டே என்கிறார்கள், இவர்கள் அண்டா என்கிறார்கள். பாத்திரம் ஒன்றுதான்.

மற்ற நாட்களில் அந்த அண்டாவுக்குப் பூவும் இல்லை, மரியாதையும் இல்லை. கொல்லைப்புறத்தில், புகை படிந்த ஒரு மூலையில், யாராவது சீக்கிரம் எழுந்து தீ மூட்டினால்தான் வீடு குளிக்கும். இப்போது காக்ஸ் டவுனில் அந்த மூலைகள் அநேகமாக மறைந்துவிட்டன. மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டும் பக்கத்து அடுக்குமாடிக்காரர்களின் கோபத்துக்கு ஆளாகின்றன. யார் பக்கம் நியாயம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

பெங்களூருக்கு வீட்டைச் சூடாக்கும் அடுப்பு உண்மையில் தேவைப்பட்டதில்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஜனவரி அதிகாலையில் வெப்பம் வழக்கமாக 15 டிகிரியை ஒட்டியே நிற்கும். வானிலைத் துறையின் பதிவில் இந்நகரத்தின் மிகக் குறைந்த வெப்பம் 7.8 டிகிரி. அதுவும் 1884 ஜனவரியில். கண்டோன்மென்ட் பங்களாக்கள் சிலவற்றில் ஆங்கிலேயர் சீமை நினைவில் கணப்பு கட்டிக்கொண்டது உண்மை. ஆனால் கணப்பில் எரியும் விறகின் சூடு பெரும்பாலும் புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போய்விடும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் மட்டும் சூடாகும். இந்த ஊருக்குத் தேவைப்பட்டது குளிக்க வெந்நீர்.

1898-ல் பிளேக் நோய் பெங்களூரை உலுக்கிய பிறகு, நெரிசலைக் குறைக்க நகரின் விளிம்புகளில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. கண்டோன்மென்ட் பகுதியில் ஃப்ரேசர் டவுனும், கலெக்டராக இருந்த காக்ஸ் என்ற அதிகாரியின் பெயரைக் கொண்ட காக்ஸ் டவுனும் அடுத்தடுத்து உருவாயின. ஆங்கிலோ இந்தியர்கள், ராணுவத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்த தமிழர்கள் என்று கலந்து வாழ்ந்த இடம் இது. முன்னால் சின்னத் தோட்டம், ஓட்டுக் கூரை, பின்னால் முற்றம், முற்றத்தின் ஓரம் குளியலறை. சிவசமுத்திரத்து மின்சாரம் 1905-லேயே பெங்களூரின் விளக்குகளுக்கு வந்துவிட்டது. வெந்நீருக்கு மட்டும் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் விறகுதான்.

அந்தக் குளியலறையின் அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய மேடைக்குள் அண்டா பாதி புதைந்திருக்கும். நீரை மொள்ளும் வாய் குளியலறைக்குள் இருக்கும். ஆனால் விறகு வைக்கும் வாய் சுவரின் மறுபக்கம், முற்றத்தில் இருக்கும். தீ வெளியே, வெந்நீர் உள்ளே. கட்டிய கொத்தனாருக்கு கார்பன் மோனாக்சைடு என்ற பெயர் தெரிந்திருக்காது. மூடிய அறையில் தீ மூட்டினால் தலை சுற்றும் என்பது தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

அந்த அறிவு எவ்வளவு விலையுயர்ந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. இட நெருக்கடியில் முற்றங்கள் போய், ஜன்னலே இல்லாத குளியலறைகளுக்குள் கேஸ் கீசர் மாட்டப்பட்டது. விறகு வாய்ச் சுவரைத் தாண்டி நெருப்பு முதன்முறையாக உள்ளே வந்தது. காற்றோட்டம் குறையும்போது கேஸ் முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவோடு ஒட்டிக்கொள்கிறது. குளிக்கப் போனவர் கதவைத் தட்டினாலும் பதில் சொல்லாத செய்திகளைப் பெங்களூர் பத்திரிகைகள் பல குளிர்காலங்களில் வெளியிட்டிருக்கின்றன. கீசரை அறைக்கு வெளியே மாட்டி, குழாய் வழியாக நீரை உள்ளே கொண்டுவந்தால் இந்த ஆபத்து பெரும்பாலும் தீரும். பழைய கொத்தனார் செய்ததும் அதைத்தான்.

அப்படியானால் அண்டாவே உத்தமம் என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. சுவருக்கு வெளியே என்று அந்தக் காலத்தில் சொன்ன இடத்தில் வேப்பமரமும் துணிக்கொடியும் இருந்தன. இன்று அதே இடத்திலிருந்து எட்டடி தூரத்தில் இன்னொரு குடும்பத்தின் படுக்கையறை ஜன்னல் இருக்கிறது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஆஸ்துமாவோடு ஒரு குழந்தை தூங்கலாம். தன் வீட்டாரைக் காப்பாற்றும் ஏற்பாடு அடுத்த வீட்டாரின் மூச்சில் கை வைக்கிறது.

இந்தச் சண்டை இங்கே மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டிலிருந்து தள்ளி ஒரு சிறு தகரக் கொட்டகையில் விறகு உலை வைத்து, தண்ணீரைச் சூடாக்கி, நிலத்தடிக் குழாய் வழியாக வீடு முழுவதும் அனுப்பும் வழக்கம் பரவியது. பனிக்காலம் முழுக்க எரியும் உலை அது. அளவில்தான் வேறு, யோசனையில் நம் அண்டாவின் பெரியண்ணன். புகைப் புகார்கள் பெருகவே, 2015-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் புதிய உலைகள் எவ்வளவு மாசு வெளியிடலாம் என்று உச்சவரம்பு விதித்தது. அந்த உலைகள் ஏன் அவ்வளவு புகைந்தன? நீர் போதிய அளவு சூடானதும் காற்றுக் கதவு தானாக மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கட்டைகள் எரியவும் முடியாமல் அணையவும் முடியாமல் மணிக்கணக்கில் கனன்று கொண்டிருக்கும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் தீயின் சூடும் குறையும். புகைபோக்கியும் குட்டை. இரவில் ஒரு பெரிய கட்டையைத் திணித்துவிட்டு, காலையில் நீர் சூடாக இருக்கட்டும் என்று தூங்கப் போகும் நம்மூர் வழக்கத்திலும் நடப்பது இதுவேதான்.

விறகு எவ்வளவு வீணாகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 20 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 2.1 மெகா ஜூல் சக்தி வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகா ஜூல் இருக்கிறது. சாதாரண மண் அடுப்பு அதில் 15 சதவீதத்தைத்தான் நீருக்குத் தருகிறது என்றால், ஒரு வாளிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ விறகு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு காலையில் ஐந்து கிலோ. அதே அடுப்பு 40 சதவீதம் தந்தால் இரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடும். மின்சாரத்தில் இதே வேலைக்கு மூன்று யூனிட்டும் கொஞ்சமும் ஆகும்.

இந்த வித்தியாசத்தைக் காக்ஸ் டவுனுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சிலர் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். ஏ.கே.என்.ரெட்டி 1974-ல் அங்கே தொடங்கிய ‘ஆஸ்த்ரா’ அமைப்பு, கிராமங்களின் எரிபொருள் செலவைக் கிலோ கணக்கில் அளந்தது. ‘ஆஸ்த்ரா ஒலெ’ என்ற சமையல் அடுப்பை உருவாக்கியதோடு, குளியல் நீருக்கான அடுப்பையும் வடிவமைத்தது. கர்நாடகத்தில் சோற்றுக்கு மட்டுமின்றிக் குளியலுக்கும் காடு எரிகிறது என்று உணர்ந்தவர்கள் அவர்கள். பெங்களூரின் விறகைப் பற்றி ஏ.கே.என்.ரெட்டியும் பி.சுதாகர் ரெட்டியும் எழுதிய ஆய்வு 1983-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் வெளிவந்தது. தட்டுகளாகப் பிரிந்த ஒரு சமூகத்தில் எரிபொருளும் தட்டுத் தட்டாகவே பிரிகிறது என்பது அதன் தலைப்பிலேயே தெரியும். லாரியில் வந்து இறங்கிய விறகு பெரும்பாலும் ஏழைகளின் அடுப்புக்குப் போனது. வசதி வந்தவர்கள் மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் மாறிக்கொண்டிருந்தார்கள்.

நல்ல வெந்நீர் அடுப்புக்கு மந்திரம் எதுவும் இல்லை. கட்டைக்கு அடியில் காற்று புக இரும்புச் சல்லடை வேண்டும். அடுப்பின் வாய் சின்னதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேவையில்லாத குளிர்காற்று புகுந்து சூட்டை அடித்துக்கொண்டு போகும். தீ அண்டாவின் அடியை மட்டும் தொட்டுவிட்டு ஓடிவிடாமல், பக்கங்களைத் தழுவிச் சுற்றிவரும்படி குறுகலான இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். புகைபோக்கி கூரையின் உச்சிக்கு மேல் இரண்டு மூன்று அடியாவது உயர வேண்டும். காக்ஸ் டவுனில் பெரும்பாலான தகராறு இங்கேதான் பிறக்கிறது. ஓட்டு வீட்டுக்கு உயரமான புகைபோக்கி, பக்கத்து நான்கு மாடிக்கு முதல் மாடிகூட அல்ல. காற்றின் திசை வேறு பருவத்துக்குப் பருவம் மாறும். ஜூலையில் மேற்கிலிருந்து, டிசம்பரில் கிழக்கிலிருந்து. ஆகவே பக்கத்து வீட்டார் இருவரும் முறை வைத்துக் கோபப்படுவார்கள்.

விறகு விஷயத்தில் அவசரம் கூடாது. புதிதாக வெட்டிய கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை எரிப்பவர் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவழிக்கிறார், மிச்சமிருந்தால்தான் அண்டாவுக்கு. பிளந்து, மழை படாமல், காற்றாட ஆறு மாதம் அடுக்கி வைத்தால் புகை பாதியாகக் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சவுக்கு நின்று எரியும். மே மாதச் சூறையில் தெருவில் விழும் குல்மொஹர் கிளை படபடவென்று எரிந்து முடிந்துவிடும். கொட்டாங்குச்சி சுலபத்தில் பிடிக்கும். ஆனால் வீட்டு மரத்தையே வெட்டலாம் என்று நினைப்பவர்கள், 1976-ம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். பால் கவரையும் பழைய செருப்பையும் அடுப்பில் தள்ளுகிறவர்களை மன்னிக்கவே கூடாது. பக்கத்து வீட்டாரின் பாதி நியாயம் அந்த நாற்றத்தில்தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயங்கள். தண்ணீர் இல்லாத அண்டாவின் அடியில் தீ மூட்டினால் பற்றவைத்த இணைப்புகள் விட்டுப்போகும். குழாய் பொருத்திய இரும்பு, எவர்சில்வர் பாய்லர்களில் நீராவி வெளியேறும் வழியை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. அடைத்தால் அது பாய்லர் அல்ல, வெடிகுண்டு. புகைபோக்கியின் உட்புறம் தார்போலப் படியும் கசடும் மாதம் ஒருமுறை சுரண்ட வேண்டியது. ஒருநாள் அது தானே தீப்பிடிக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சூரியன் இருக்கிறதே என்று அரசும் நினைத்தது. 2007-ல் கர்நாடக அரசு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கலனைக் கட்டாயமாக்கியது. இன்று மாடியிலிருந்து பார்த்தால் பெங்களூரின் தலையெல்லாம் கண்ணாடிக் குழாய்கள். சூரிய சக்தியை எளியவர்களின் வீட்டுக்குக் கொண்டுபோக 1995-ல் இந்த ஊரில் தொடங்கிய செல்கோ நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரின் பெயர் ஹரீஷ் ஹண்டே என்பது கன்னடக்காரர்களுக்குப் புன்னகை வரவழைக்கும் பொருத்தம்.

ஆனால் மரச்சட்டத்தின் மேல் நிற்கும் பழைய ஓட்டுக் கூரை, நீர் நிரம்பிய 200 லிட்டர் தொட்டியைத் தாங்காது. தாங்கினாலும், பக்கத்தில் எழுந்த அடுக்குமாடியின் நிழல் பகல் பத்து மணிவரை விலகுவதில்லை. புகையால் அவதிப்படும் அதே கட்டடம்தான் புகையை விட வேறு வழி இல்லாதபடியும் செய்திருக்கிறது. சொந்த வீட்டுக்காரர் மின்சார கீசருக்கு மாறிவிடலாம். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறேழு குடித்தனங்கள் இருக்கும் ‘வட்டாரா’க்களில் கீசருக்கான மின்கட்டணத்தை யார் தலையில் போடுவது என்பதற்கு விடை கிடைப்பதற்குள் கட்டடமே விற்பனைக்குப் போய்விடுகிறது.

விற்பனைக்குப் பிறகு முதலில் வெளியேறுவது அண்டாதான். பழைய செம்பு என்று எடைக்குப் போடப்படுகிறது. சிலர் அதைத் தேய்த்து மினுக்கி வரவேற்பறையில் குடை வைக்கும் பாத்திரமாக்குகிறார்கள். வீடு கைமாறாத இடங்களில், ஆகஸ்ட் மாதம் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் மேகம் மூடி மாடிக் குழாயில் வெதுவெதுப்புகூட வராதபோது, வாடகைக்கு வந்த இளைஞர்கள் கொல்லைப்புற மூலையில் இருக்கும் மண் வாயைப் பார்த்து, இதை எப்படிப் பற்றவைப்பது என்று வீட்டுக்காரப் பாட்டியிடம் கேட்கிறார்கள்.