இது ஆருக்கு எழுதினது?

"கட்டுரை எழுதப் பழக்கிறதுக்கும் கோட்பாடு இருக்கா மாமா?" என்று கேட்டாள் மருமகள். ஆங்கிலம் கற்பித்தலில் முதுமாணி படிக்கப் போகிறாள். பாடங்களில் ஒன்று, பல்கலைக்கழக மாணவருக்கு எழுத்துப் பழக்குவது. கல்லடிப் பாலத்தடித் தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். அவள் திருத்திய மாணவர் ஒப்படைக் கட்டு மேசையில் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

ஒரு தாளை எடுத்தேன். 'டிஸ்கஸ் அபௌட்' என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது, 'அபௌட்' வெட்டப்பட்டிருக்கிறது. பிழைதான். ஆனால் அந்தப் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. 'பிரச்சினையைப் பற்றிக் கலந்துரையாடினோம்' என்று தமிழில் சொல்கிறோமே, அந்தப் 'பற்றி' தனக்கு இடம் தேடி வந்திருக்கிறது. பிழைக்கு உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. மைனா ஷானெசி என்ற ஆசிரியை சொன்னது இதைத்தான். 1970இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் உயர்பள்ளி முடித்த எல்லோருக்கும் கதவு திறந்தபோது, எழுத்தில் பழக்கமில்லாத பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். அவர்களுடைய சுமார் 4,000 கட்டுரைகளை வாசித்து, பிழைகளின் காரணங்களைத் தேடி 1977இல் ஒரு நூல் எழுதினார். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு வருகிற பிள்ளைகளிலும் பலர் அதுவரை எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்தவர்கள். அந்த நூலை நம்மூர் ஆசிரியர் ஒவ்வொருவரும் வாசிக்க வேணும்.

அதற்கு முன்பே, 1971இல் ஜேனட் எமிக் என்ற ஆய்வாளர், பிள்ளைகள் எழுதும்போது என்ன நடக்கிறதென்று பக்கத்தில் இருந்து பார்த்தார். முடிந்த தாளுக்குப் புள்ளி போடுவதோடு நிற்காமல், எழுதுகிற வழியில் கூட நடப்பது என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது.

"மறுகா?" என்றாள்.

மறுகா நம்முடைய ஆள் வருகிறார். சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அப்போது மின்சாரமில்லை, கடதாசி கிடைக்காது. வெளிநாட்டு ஆய்விதழோ நல்ல தாளில் பல பிரதி கேட்கும். அறிவு இருந்தும் எழுத்து ஏன் வெளியே போகவில்லை என்று 2002இல் ஒரு நூலே எழுதினார். எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய 2006ஆம் ஆண்டுக் கட்டுரை. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். தொடக்கமே வேறு வேறு. கிழக்குத் தேசத்தார் சுற்றி வளைத்துத்தான் யோசிப்பார்கள், அது மொழியின் குணம் என்று 1966இலிருந்து ஒரு பேச்சு இருந்தது. ரொபர்ட் கப்லன் என்ற ஆய்வாளர் ஆங்கிலத்துக்கு நேர்கோடும் கிழக்குத் தேசங்களுக்குச் சுருளும் கீறிக் காட்டினார். சிவத்தம்பி என்ற ஒரே மனிதர் வாசகரைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்கிறாரே, பிறகு எப்படி அது மொழியின் குணமாகும்?

வாசகரைப் பார்க்கிறது நமக்குப் புதிதில்லை; நன்னூலை எடுத்துப் பார். நூலுக்குப் பாயிரம் எழுதுகிறவர் சொல்ல வேண்டியவற்றில் கேட்போர் யார் என்பதும் ஒன்று. அது 13ஆம் நூற்றாண்டு. எழுத்துக் கற்பித்தலை நாம் அமெரிக்காவில் இருந்து மட்டும் எடுக்கத் தேவையில்லை.

அவள் கட்டிலிருந்து இன்னொரு தாளை உருவினாள். வாவி மீன்பிடி பற்றிய ஒப்படை. அப்பப்பா வீச்சுவலையை உலர்த்துகிற காட்சியில் தொடங்குகிறது. முழுப் பந்தியையும் வெட்டி, ஓரத்தில் 'விடயத்துக்கு வா' என்று எழுதியிருந்தாள். ஊராருக்கு என்றால் அது நல்ல வாசல். வலையையும் ஆளையும் தெரிந்தவர்கள் அதற்குள்ளால் வருவார்கள். வெளிநாட்டு இதழுக்கு என்றால், இதுவரை ஆய்ந்தவர்கள் எதை விட்டார்கள் என்பதை முதலில் வைக்க வேணும்; அப்பப்பா இரண்டாம் பந்தியில் வரலாம்.

"அப்ப நான் வெட்டினது பிழையா மாமா?"

"பிள்ளையக் கூப்பிட்டு முதல்ல கேள் மகள், இது ஆருக்கு எழுதினது எண்டு."