ஜெனரலின் மரண சாசனமும் ஒரு பெண்ணின் பங்கும்



காணி, உறுதி, மரண சாசனம் என்ற பேச்சு எழுந்தாலே, "அதெல்லாம் ஆண்கள் பார்க்கும் வேலை" என்று அடுக்களைப் பக்கம் ஒதுங்கிவிடுகிறோம். அப்படி ஒதுங்குவது சரிதானா? 1800ஆம் ஆண்டில் வட இந்தியாவின் லக்னோ நகரில் மரணமான ஓர் இராணுவ அதிகாரியின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் குளோட் மார்ட்டின். 1735இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக இந்தியாவுக்கு வந்து, பின்னர் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பனிப் படையில் சேர்ந்து, மேஜர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தார். அவுத் நவாப் ஆசிஃபுத் தௌலாவின் ஆயுதசாலைக்குப் பொறுப்பாக இருந்தார். அவுரி பயிரிட்டார், வட்டிக்குக் கடன் கொடுத்தார், கட்டடங்கள் கட்டினார். அவருடைய செல்வம் பல இலட்சம் ரூபாவாகப் பெருகியது.

அந்த வீட்டில் பூலோன் என்ற முஸ்லிம் பெண் இருந்தார். 'கோரீ பீபீ' என்றும் அவரை அழைத்தனர். சிறுமியாக இருந்தபோதே மார்ட்டின் அவரை விலை கொடுத்து வாங்கினார். ஆம், மனிதரை வாங்கி விற்ற காலம் அது! பூலோன் அவருடைய வீட்டிலேயே வளர்ந்து, அவருடைய வாழ்க்கைத் துணையானார். ஆனால் தம் மார்க்கத்தை விடவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. சுல்ஃபிகார் என்ற சிறுவனை எடுத்து வளர்த்தார்கள்.

இங்குதான் நாம் கவனிக்க வேண்டும். பூலோனுக்கு நிக்காஹ் இல்லை, மஹர் இல்லை. மார்ட்டின் ஒன்றும் எழுதி வைக்காமல் கண்மூடியிருந்தால், லியோனிலுள்ள உறவினருக்கே சொத்து போய்ச் சேர்ந்திருக்கும். அத்தனை ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்தவர் வெறுங்கையோடு நின்றிருப்பார்.

மார்ட்டின் எழுதி வைத்தார். 1800 ஜனவரி 1ஆந் திகதியிட்ட நீண்ட சாசனத்தில் பூலோனுக்கும் வீட்டிலிருந்த மற்றப் பெண்களுக்கும் வாழ்நாள் உதவிப்பணம் ஒதுக்கினார். அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தார். ஏழைகளுக்குத் தர்மப் பணமும், லக்னோ, கல்கத்தா, லியோன் ஆகிய மூன்று நகரங்களில் பாடசாலை அமைக்கப் பெருந்தொகையும் விட்டுச் சென்றார். அதே ஆண்டு செப்டெம்பர் 13ஆந் திகதி காலமானார். அவர் விருப்பப்படியே, தாம் கட்டிய 'கொன்ஸ்டன்ஷியா' மாளிகையின் நிலவறையில் அடக்கப்பட்டார்.

ஆனால் எழுதியது மட்டும் போதவில்லை. தமக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் அவரே எழுதிய சாசனம் அது. அதற்குப் பொருள் காண்பதில் தொடங்கிய வழக்குகள் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. லியோன் பாடசாலை 1833இலும், கல்கத்தாப் பாடசாலை 1836இலும், லக்னோப் பாடசாலை 1845இலும்தான் திறக்கப்பட்டன. படிக்க வேண்டிய ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதற்குள் முதியவர்களாகியிருப்பார்கள்!

இதே கதையை நம் ஷரீஅத்தின் பக்கமிருந்து பாருங்கள். இறந்தவரின் அடக்கச் செலவும் கடனும் முதலில் தீர்க்கப்பட வேண்டும். கொடுபடாத மஹரும் கடன்தான். அடுத்து வஸிய்யத், அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல். மிகுதி வாரிசுகளுக்கு. கணவனுக்குப் பிள்ளை இல்லையென்றால் மனைவிக்கு நான்கில் ஒன்று, பிள்ளை இருந்தால் எட்டில் ஒன்று. இந்தப் பங்கு கணவனின் மனநிலையைப் பார்த்துக் கிடைப்பதல்ல, அல்லாஹ் விதித்தது. எடுத்து வளர்த்த பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. ஆனால் அந்த மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத் செய்து வைக்கலாம். வளர்த்த பிள்ளை தெருவில் நிற்காமலிருக்க வழி அங்கே இருக்கிறது.

பூலோனுக்குக் கிடைத்தது ஒருவருடைய இரக்கம். உங்களுக்கு இருப்பது உரிமை. ஆனால் உரிமை இருக்கிறது என்பதை அறியாதவளுக்கு அது இருந்தும் என்ன பயன்?

ஆகவே சகோதரிகளே, இன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின் உங்கள் கணவரோடு அமர்ந்து பேசுங்கள். உங்கள் மஹர் எவ்வளவு, அது கையில் வந்ததா? வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது? யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும்? இவை எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? வஸிய்யத் எழுதுவதாயின் மார்க்கமும் சட்டமும் தெரிந்தவரிடம் கேட்டு, சாட்சிகளோடு, தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மரணத்தைப் பற்றிப் பேசினால் மரணம் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். அது பேசாதவர் வீட்டுக்கும் வரும்.

கோரீ பீபீயின் கப்று இன்றும் லக்னோப் பாடசாலை வளவிலே தனிக் கட்டடத்தில் இருக்கிறது. மார்ட்டின் எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் பெண்ணின் பெயர்கூட நம் காலம் வரை வந்திருக்காது. உங்கள் பெயரும் உங்கள் பங்கும் உங்கள் வீட்டுக் காகிதங்களில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.